படத்தில் இல்லாத பதினாறு புள்ளிகள்

1986ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மூன்று இடங்களிலிருந்து பொறியாளர்களும் மேலாளர்களும் தொலைபேசி வழியே கூடிப் பேசினார்கள். மறுநாள் காலை ஃபுளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட இருந்தது. இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும் என்பது வானிலைக் கணிப்பு. விண்ணோடத்தின் திட எரிபொருள் பூஸ்டர்களைத் தயாரித்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், பூஸ்டரின் பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை அடைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் அந்தக் குளிரில் விறைத்துவிடும் என்று அஞ்சினார்கள். 53 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. முந்தைய பயணங்களிலேயே மிகக் குளிரான 53 டிகிரியில் வளையங்கள் சேதமடைந்தது உண்மைதான். ஆனால் 75 டிகிரியில் ஏவியபோதும் அவை சேதமடைந்திருக்கின்றனவே, அப்படியிருக்க வெப்பநிலையைக் காரணம் காட்டுவது எப்படி என்ற எதிர்வாதம் எழுந்தது. அந்த வாதத்தைச் சாய்க்கும் அளவுக்குத் தெளிவான ஒரு படம் அன்றிரவு யாருடைய கையிலும் இல்லை. நிறுவனத்தின் மேலாளர்கள் பரிந்துரையை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் ஏவப்பட்ட 73ஆவது விநாடியில் சேலஞ்சர் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர்.

வெப்பநிலை ஒரு மாறி, சேதமடைந்த வளையங்களின் எண்ணிக்கை இன்னொரு மாறி. இவ்விரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா என்ற கேள்விக்குப் புள்ளியியலில் இருக்கும் மிக எளிய கருவி சிதறல் படம். கிடை அச்சில் ஒரு மாறியையும் நிலை அச்சில் மற்றொன்றையும் குறித்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு புள்ளி வைத்தால் போதும். பத்தாம் வகுப்பு மாணவர் வரைந்துவிடக்கூடிய இந்தப் படத்தைச் சரியாக வாசிப்பது மட்டும் அவ்வளவு எளிதன்று. சேலஞ்சரின் தரவை வைத்தே அதை விளக்க விரும்புகிறேன். ஏனெனில் சிதறல் படத்தை வாசிப்பதில் நேரக்கூடிய பிழைகளில் முக்கியமானவை அனைத்தும் அந்தச் சிறிய தரவுக்குள்ளேயே இருக்கின்றன.

சேலஞ்சரின் அந்தக் கடைசிப் பயணத்துக்கு முன் 24 விண்ணோடப் பயணங்கள் நடந்திருந்தன. அவற்றுள் ஒன்றின் பூஸ்டர்கள் கடலில் மூழ்கிவிட்டதால், மீட்டெடுத்து ஆராயப்பட்டவை 23 பயணங்களின் பூஸ்டர்கள். அவற்றில் ஏழு பயணங்களின் வளையங்களில் அரிப்போ வாயுக் கசிவின் கரியோ காணப்பட்டது. ஏவிய நேரத்தில் அந்த இணைப்புகளின் வெப்பநிலை முறையே 53, 57, 58, 63, 70, 70, 75 டிகிரி பாரன்ஹீட். சேதமடைந்த வளையங்களின் எண்ணிக்கை 53 டிகிரியில் மூன்று, 75 டிகிரியில் இரண்டு, மற்ற ஐந்திலும் ஒவ்வொன்று. இந்த ஏழு புள்ளிகளை மட்டும் வரைந்தால், இரு முனைகளில் சற்று உயர்ந்தும் நடுவில் தட்டையாகவும் ஒரு தொட்டில்போலத் தெரியும். அதைப் பார்ப்பவர், குளிர் கூடினால் சேதம் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல மாட்டார். 53 டிகிரிப் பயணத்தையும் 75 டிகிரிப் பயணத்தையும் ஒப்பிட்டு எழுந்த அந்த வாதமும் இந்தத் தொட்டிலின் இரண்டு முனைகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

இனி, சேதமே இல்லாத மற்ற 16 பயணங்களையும் அதே படத்தில் வைத்துப் பார்ப்போம். நிலை அச்சில் அவை அனைத்தும் பூச்சியத்தில் விழும். கிடை அச்சில் எங்கே விழுகின்றன என்பதில்தான் செய்தி இருக்கிறது: பதினாறும் 66 டிகிரிக்கும் 81 டிகிரிக்கும் இடையே விழுகின்றன. 66 டிகிரிக்குக் கீழே ஒரு பயணம்கூடச் சேதமின்றித் திரும்பவில்லை. 65 டிகிரிக்குக் கீழான நான்கு பயணங்களில் நான்கிலும் சேதம். அதற்கு மேலான 19 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம். சேதம் இல்லை என்பதற்காக ஒதுக்கப்பட்ட அந்தப் பதினாறு புள்ளிகளும், வெப்பமான நாட்களில் பெரும்பாலும் எதுவும் நேர்வதில்லை என்ற சான்றைத் தாங்கியிருந்தன. விபத்தை விசாரித்த குடியரசுத் தலைவரின் ஆணையம், தன் அறிக்கையில் இந்த இரண்டு படங்களையும் அருகருகே அச்சிட்டு, சேதம் நேர்ந்த பயணங்களை மட்டும் ஒப்பிட்டதே பிழை என்று சுட்டிக்காட்டியது.

ஒரு சிதறல் படத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது புள்ளிகள் மேல்நோக்கிச் செல்கின்றனவா கீழ்நோக்கியா என்று தேடுவதற்கு முன்பே, இந்தப் புள்ளிகள் எப்படி இங்கே வந்து சேர்ந்தன, வராமல் போனவை எவை என்று கேட்க வேண்டும் என நான் கருதுவது இதனால்தான். பாடநூல்கள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அங்கே தரவு அட்டவணை தயாராகக் கொடுக்கப்பட்டிருக்கும், மாணவரின் வேலை புள்ளி வைப்பது மட்டுமே. வாழ்க்கையில் அட்டவணையை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்துத் தொகுத்திருப்பார். விளைவைப் பார்த்துப் புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, இருக்கும் தொடர்பு மறைந்தும் போகலாம், இல்லாத தொடர்பு தோன்றவும் செய்யலாம்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகு படத்துக்குள் நுழையலாம். முதலில் பார்க்க வேண்டியது வடிவம்: புள்ளிக் கூட்டம் ஒரு நேர்கோட்டைச் சுற்றி இருக்கிறதா, வளைகிறதா, இரண்டு மூன்று குவியல்களாகப் பிரிந்திருக்கிறதா என்பது. பிறகு திசை. ஒரு மாறி கூடும்போது மற்றதும் கூடினால் நேரிடை ஒட்டுறவு. ஒன்று கூடும்போது மற்றது குறைந்தால் எதிரிடை ஒட்டுறவு. பிறகு நெருக்கம், அதாவது கூட்டம் அந்தக் கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பது. கடைசியாக, கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் தனிப் புள்ளிகள். அச்சுகளின் அளவுகோலையும் கவனிக்க வேண்டும்; நிலை அச்சை நீட்டியோ சுருக்கியோ வரைந்தால் ஒரே தரவு நெருக்கமாகவும் தெரியும், கலைந்தும் தெரியும்.

இதோடு இன்னொரு நுட்பமும் உண்டு, பலர் தவறவிடுவது. சேலஞ்சருக்கு முந்தைய பயணங்களில் மூன்று, 67 டிகிரியில் சேதமின்றி முடிந்தவை. படத்தில் அவை மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கண்ணுக்கு ஒரே புள்ளியாகத் தெரியும். 70 டிகிரியில் சேதமற்ற இரண்டு பயணங்களும் ஒரு வளையம் சேதமான இரண்டு பயணங்களும் இருக்கின்றன; நான்கும் இரண்டு புள்ளிகளாகச் சுருங்கிவிடும். முழு எண்களாகவோ முழு அங்குலங்களாகவோ பதியப்பட்ட தரவில் இது தவிர்க்க முடியாதது. புள்ளிகளைச் சற்றே நகர்த்தி வைப்பதோ, ஒரே இடத்தில் விழுபவற்றைப் பெரிய புள்ளியாகக் காட்டுவதோ இதற்கு வழக்கமான தீர்வு. அப்படிச் செய்யாத படத்தில் 23 பயணங்களைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் பார்ப்பது அதைவிடக் குறைவானவற்றையே.

புள்ளிகளின் நெருக்கத்தை ஓர் எண்ணாகச் சொல்வது ஒட்டுறவுக் கெழு. அதன் வரலாறு உயரத்தை அளந்ததில் தொடங்குகிறது. பிரான்சிஸ் கால்டன் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரத்தையும் ஓர் அட்டவணையில் வைத்தார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்துக்கு ஈடாக்கிக்கொண்டார். அட்டவணையில் ஒரே எண்ணிக்கை விழுந்த கட்டங்களைக் கோட்டால் இணைத்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டங்கள் எழுந்தன. சிதறல் படத்தில் நாம் இன்று காணும் சாய்ந்த முட்டை வடிவக் கூட்டம் அதுதான். அதை எண்ணாக்கும் சூத்திரத்தை முழுமைப்படுத்தியவர் கார்ல் பியர்சன். 1896இல் அவர் அளித்த முறையையே இன்றும் கணிப்பொறிகள் பின்பற்றுகின்றன.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது பயன் தரும். இரு மாறிகளின் சராசரிகள் வழியே ஒரு கிடைக்கோடும் ஒரு நிலைக்கோடும் போட்டால் படம் நான்கு கால்பகுதிகளாகப் பிரியும். இரு மாறிகளிலும் சராசரிக்கு மேலே இருப்பவை வலப்புற மேல் பகுதியிலும், இரண்டிலும் கீழே இருப்பவை இடப்புறக் கீழ்ப் பகுதியிலும் விழும். சராசரியிலிருந்து இருக்கும் விலகல்களைப் பெருக்கினால் இவ்விரு பகுதிகளிலும் பெருக்கற்பலன் மிகை எண்ணாகவும் மற்ற இரண்டில் குறை எண்ணாகவும் வரும். அவற்றையெல்லாம் கூட்டி, இரு மாறிகளின் சொந்தச் சிதறலால் வகுத்தால் கிடைப்பதே கெழு. வகுத்துவிடுவதால் அங்குலமா சென்டிமீட்டரா, பாரன்ஹீட்டா செல்சியஸா என்ற அலகு வேறுபாடு மறைந்து, எண் எப்போதும் −1க்கும் +1க்கும் இடையே நிற்கிறது. எல்லாப் புள்ளிகளும் ஏறும் நேர்கோட்டில் அமர்ந்தால் +1. இறங்கும் கோட்டில் அமர்ந்தால் −1. நேர்கோட்டுச் சார்பு எதுவுமே இல்லையென்றால் பூச்சியம்.

இடையில் வரும் எண்களுக்கு என்ன பொருள் என்பதை உணர பியர்சனும் ஆலிஸ் லீயும் 1903இல் வெளியிட்ட 1078 தந்தை–மகன் இணைகளின் உயரம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கெழு ஏறத்தாழ 0.5. தந்தையின் உயரம் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றித் தரவு எவ்வளவு பரந்திருக்கிறது என்பதன் அளவு) அதிகமாக இருந்தால், மகனின் எதிர்பார்க்கப்படும் உயரம் மகன்களின் சராசரியைவிட ஒரு திட்ட விலக்கம் மட்டுமே அதிகம் என்பது அதன் பொருள். மகன்களின் உயர வேறுபாட்டில் தந்தையின் உயரத்தால் விளக்கக்கூடிய பங்கு 0.5இன் வர்க்கம், அதாவது நான்கில் ஒரு பங்கு. 0.5 என்றவுடன் பாதித் தொடர்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் படத்தைப் பார்த்தால் வியந்துபோவார்கள். கூட்டம் அவ்வளவு பரந்து கிடக்கும். நெட்டையான தந்தைக்குச் சராசரியைவிடக் குட்டையான மகன் இருப்பது அந்தப் படத்தில் அரிய காட்சியே அன்று.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 1973இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கம்ப் நான்கு சிறிய தரவுத் தொகுதிகளால் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் முதல் மாறியின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு 0.816, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு வேறு உலகங்கள். முதலாவது, கோட்டைச் சுற்றி இயல்பாகச் சிதறிய கூட்டம். கெழு உண்மை பேசும் ஒரே படம் அது. இரண்டாவது, மேலேறி வளைந்து இறங்கத் தொடங்கும் சீரான வளைகோடு. நேர்கோட்டை அங்கே பொருத்துவதே தவறு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் கச்சிதமான நேர்கோட்டில் அமர்ந்திருக்க, பதினோராவது மட்டும் தனியே உயர்ந்து நின்று கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நிலைக்கோட்டில் அடுக்கி நிற்கின்றன. தொலைவில் நிற்கும் ஒற்றைப் புள்ளியை எடுத்துவிட்டால் தொடர்பு என்று பேசவே இடமில்லை. அந்த நான்காவது படத்தை நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனெனில் அறிக்கைகளில் வரும் எத்தனையோ கெழுக்கள் இப்படி ஒரே ஒரு புள்ளியின் தோளில் நிற்பவையாக இருக்கலாம். படம் அச்சிடப்படாதவரை வாசகருக்கு அது தெரிய வழியில்லை.

சேலஞ்சர் தரவிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சேதம் கண்ட ஏழு பயணங்களுக்கு மட்டும் கெழுவைக் கணக்கிட்டால் −0.26 வருகிறது. 23 பயணங்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் −0.56. ஏழு புள்ளிகளில் கிடைக்கும் −0.26 தற்செயலாகவே எளிதில் வரக்கூடியது; அதை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது. பதினாறு பூச்சியங்கள் சேர்ந்ததும் எண் இரு மடங்குக்கு மேல் வலுப்பெறுகிறது. ஆனால் −0.56 என்ற அந்த எண்ணும் நிலைமையின் கடுமையைக் குறைத்தே சொல்கிறது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கெழு நேர்கோட்டுக்காக உருவான அளவு. இங்கே இருப்பதோ 65 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் பூச்சியமாகவும் கீழே தவறாமல் சேதமாகவும் மாறும் படி போன்ற வடிவம். நான்குக்கு நான்கு என்ற எளிய எண்ணிக்கை, −0.56ஐவிடத் தெளிவாகப் பேசுகிறது.

அடுத்தது, சேர்ந்து நகர்வதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடுமா என்ற பழைய கேள்வி. மூன்றாவது மாறி ஒன்று பின்னால் இருந்து இரண்டையும் அசைக்கலாம் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். அந்த மூன்றாவது மாறியைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் எச்சரிக்கைக்குப் பயன் உண்டு. இந்தத் தரவில் அப்படி ஒன்று உண்மையாகவே இருந்தது. ஏவுவதற்கு முன் இணைப்பு அடைத்திருக்கிறதா என்று அறிய, வளையங்களுக்கு இடையே காற்றைச் செலுத்திச் சோதிப்பார்கள். தொடக்ககாலப் பயணங்களில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டாக இருந்த அந்தச் சோதனை அழுத்தம் பின்னர் 200 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அந்தக் காற்றே வளையத்துக்கு முன்னால் பூசியிருந்த காப்புப் பசையைத் துளைத்து, பின்னர் சுடுவாயு பீறிட்டு வர வழி செய்துவிடும் என்ற ஐயம் இருந்தது. 1984க்கு முன் நடந்து ஆராயப்பட்ட எட்டுப் பயணங்களில் ஒன்றில் மட்டுமே சேதம். அழுத்தம் 200 பவுண்டாக உயர்ந்த பின் நடந்த 15 பயணங்களில் ஆறில் சேதம். அப்படியானால் குற்றவாளி குளிரா, அழுத்தமா?

இதற்குப் புள்ளியியல் தரும் வழி, மூன்றாவது மாறியை ஒரே நிலையில் நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் மீண்டும் பார்ப்பது. 200 பவுண்டு அழுத்தம் பயன்பட்ட 15 பயணங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றில் 65 டிகிரிக்குக் கீழான நான்கிலும் சேதம். மேலான பதினொன்றில் இரண்டில் மட்டும் சேதம். அழுத்தம் தன் பங்கை ஆற்றியிருக்கலாம்; ஆனால் அதை நிறுத்தி வைத்த பிறகும் குளிரின் கை அப்படியே தெரிகிறது. 23 புள்ளிகளை வைத்து இதற்குமேல் பிரித்துப் பார்ப்பது கடினம், பிரித்தால் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மூன்று புள்ளிகளே மிஞ்சும்.

காரணத்தை நிறுவும் வேலையைப் படத்துக்கு வெளியே இருந்த சான்று முடித்தது. ஆணையத்தில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன், 1986 பிப்ரவரி 11ஆம் தேதி நடந்த பொது விசாரணையில், வளையத்தின் ரப்பர்த் துண்டு ஒன்றைச் சிறு கவ்வியால் இறுக்கிப் பனிநீர்க் குவளையில் வைத்தார். வெளியே எடுத்துக் கவ்வியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு மீளவில்லை. பூஸ்டர் பற்றியதும் அழுத்தத்தால் இணைப்பு இம்மியளவு விரியும். அந்த இடைவெளியை நொடியின் சிறு பகுதிக்குள் நிரப்பியாக வேண்டிய வளையம் குளிரில் சோம்பிக் கிடந்தால் சுடுவாயு வெளியேறிவிடும். ஒட்டுறவு எங்கே தேட வேண்டும் என்று கைகாட்டியது; இயக்கமுறையும் சோதனையும் அது காரணம்தான் என்று நிலைநிறுத்தின. தையகால் பொறியாளர்கள் விபத்துக்கு முன்பே இந்த இயக்கமுறையை அறிந்திருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள் என்பதை மறந்து, படம் வரையத் தெரியாதவர்கள் என்று அவர்களைக் குறைசொல்வது அநீதி.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது, அது மிகக் கடினமானதும்கூட. 23 புள்ளிகளையும் வைத்து வரைந்த படம்கூட 53 டிகிரியில் தொடங்கி 81 டிகிரியில் முடிகிறது. எழுந்த கேள்வியோ உறைநிலையான 32 டிகிரியை ஒட்டி என்ன நடக்கும் என்பது. தரவு இருக்கும் எல்லைக்குள் பொருத்திய கோட்டை எல்லைக்கு வெளியே நீட்டுவது எப்போதுமே ஆபத்தானது. கோடு அங்கேயும் அதே சாய்வில் போகுமா, திடீரென வளையுமா என்பதற்குப் புள்ளிகள் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 53 டிகிரியில் ஏவியும் விபத்து நேரவில்லை என்பதை, இன்னும் கீழேயும் நேராது என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஜனவரி 28 காலையில் ஏவியபோது காற்றின் வெப்பநிலை 36 டிகிரி; அதுவரை நடந்த மிகக் குளிரான ஏவுதலின் காற்று வெப்பநிலையைவிட 15 டிகிரி குறைவு (படத்தில் உள்ள 53 டிகிரி, காற்றின் வெப்பநிலை அன்று, இணைப்பின் வெப்பநிலை).

ஆகவே அந்தப் படத்தை இன்று வரைபவர் கிடை அச்சைத் தரவு தொடங்கும் 53இல் தொடங்காமல் 25இல் தொடங்கி 85 வரை நீட்ட வேண்டும். வலப்புறத்தில் பூச்சியத்தின்மேல் பதினாறு புள்ளிகள், அவற்றுக்கிடையே உயர்ந்து நிற்கும் மூன்று. இடப்புறம் வர வர, உயர்ந்து நிற்பவை மட்டுமே நான்கு. 53 டிகிரியில் உள்ள கடைசிப் புள்ளி எல்லாவற்றிலும் உயரத்தில். அதற்கும் இடப்புறத்தில், ஏவவிருந்த காலையின் வெப்பநிலையைக் குறிக்கும் நிலைக்கோடு ஒன்று. அந்தக் கோட்டுக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே தாளின் கால் பங்குக்கும் மேலான அகலம் எதுவும் குறிக்கப்படாமல் வெள்ளையாகவே கிடக்கும்.